குப்பைத் தொட்டியும் 276-வது பிரிவும்

எங்கள் குடியிருப்பில் அரசியல் என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். தினமும் இரண்டு நாளிதழ் வாங்குகிறவன் நான் ஒருவன்தான் என்பதைத் தவிர வேறு தகுதி எதுவும் கிடையாது. 2024 நாடாளுமன்றத் தேர்தலில் வேட்பாளர் எங்கள் தெருவுக்கு வருகிறார் என்றதும் சங்கச் செயலாளர் என் கதவைத் தட்டினார். "சார், நீங்கதான் பேசணும். டெல்லி லெவல்ல நாலு பாயிண்ட் போடுங்க."

போடத் தயாராகத்தான் இருந்தேன். நகரங்களுக்கு ஒன்றிய அரசு என்ன தருகிறது, என்ன தரவேண்டும் என்று ஒரு துண்டுச்சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். பட்டாசு வெடித்தது, ஜீப் வந்து நின்றது, ஆரத்தித் தட்டுகள் முண்டியடித்தன. வேட்பாளர் குனிந்து என் கையைப் பிடித்தார். நான் சொன்னது இதுதான்: "சார், முனைல இருந்த குப்பைத் தொட்டியத் தூக்கிட்டாங்க. திரும்ப வைக்கச் சொல்லணும்."

"வச்சிரலாம் சார்!" அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதி. நாடாளுமன்றத்துக்குப் போகிறவருக்கு இதைவிட வசதியான கேள்வி கிடைக்காது. தொட்டி வந்தால் அவர் வைத்தது, வராவிட்டால் அது மாநகராட்சியின் வேலை.

இதற்கு நேர்மாறாக, டீக்கடையில் எங்கள் வார்டு கவுன்சிலரைப் பார்த்தபோது ஒன்றிய பட்ஜெட்டைப் பிரித்து மேய்ந்தேன். பாவம், டீ ஆறும்வரை கேட்டுக்கொண்டு நின்றார். அவரிடம் கேட்டிருக்க வேண்டியது குப்பைத் தொட்டி.

உண்மையில், அவர் கவுன்சிலர் என்பதே எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. 2016 அக்டோபரில் சென்னை மாமன்றத்தின் காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19-ல். நடுவில் மேயரும் இல்லை, கவுன்சிலரும் இல்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாத ஊருக்கு நிதிக்குழு மானியம் இல்லை என்று டெல்லி பணத்தைப் பிடித்து வைத்தது. ஊர்ப் பிரச்சினை அத்தனைக்கும் கருத்துச் சொல்லும் எனக்கு அந்த வெற்றிடம் கண்ணில் படவே இல்லை. தேர்தல் நாள் சனிக்கிழமையாகப் போயிற்று. குடும்பத்தோடு மாமல்லபுரம் போய் வறுத்த மீன் சாப்பிட்டேன். அன்று சென்னையில் பாதிப் பேர்கூட ஓட்டுப் போடவில்லை என்று மறுநாள் படித்துவிட்டு, "இந்த ஜனங்களுக்குப் பொறுப்பே இல்லை" என்று வீட்டில் சத்தம் போட்டேன். யாரும் பதில் சொல்லவில்லை.

அதே ஆண்டு ஏப்ரலில் சொத்துவரி உயர்ந்தது. உயர்த்தியதற்கு மாநில அரசு சொன்ன காரணங்களில் ஒன்று 15-வது நிதிக்குழுவின் நிபந்தனை: வரி வசூலைக் கூட்டிக் காட்டினால்தான் மானியம். 2021-26 காலத்துக்கு நாடு முழுதும் உள்ள நகர அமைப்புகளுக்கு ஒதுக்கியது 1,21,055 கோடி ரூபாய். அதிலும் பெரிய நகரங்களின் பங்கு காற்றுக்கு, குடிநீருக்கு, கழிவுக்கு என்று பெயர் எழுதித்தான் வந்தது. தன் ஊருக்கு எது அவசரம் என்று மாமன்றமே முடிவு செய்யும் பணம் கொஞ்சமாவது வேண்டாமா என்பது என் கட்சி.

இந்தக் கட்சியை ஒரு கல்யாணப் பந்தியில் பேசப் போய் மாட்டிக்கொண்டேன். பக்கத்து இலையில் ரயில்வேயில் வேலை பார்க்கும் என் மச்சான். விடுவேனா? "அரசியல் சாசனம் 285-வது பிரிவுப்படி ஒன்றிய அரசுக் கட்டடத்துக்குச் சொத்துவரியே கிடையாது, தெரியுமா மச்சான்? 2009-ல உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய்த்தான் சேவைக் கட்டணம்னு ஒண்ணு முடிவாச்சு. வரியில மூணுல ஒரு பங்குலேர்ந்து முக்கால் பங்கு வரைக்கும். எங்க ஊரு ரோடு, எங்க ஊரு லைட்டு, நீங்க முழுசாக் கட்டினா என்ன?"

மச்சான் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே கேட்டார்: "சரி மச்சான், நீ இந்த அரையாண்டு கட்டிட்டியா?"

கட்டவில்லை. ஏப்ரலிலேயே கட்டினால் 5 விழுக்காடு சலுகை உண்டு. எனக்கு அது ஒவ்வொரு முறையும் மே மாதம்தான் ஞாபகம் வரும். பாயசம் எனக்கு இறங்கவில்லை.

தேர்தல் காலத்தில் மாநகராட்சி படும் பாட்டையும் நான் சாக்காகவே பார்த்தேன். சென்னையில் மாநகராட்சி ஆணையர்தான் மாவட்டத் தேர்தல் அதிகாரி. கீழே உள்ளவர்களில் பலருக்கும் தேர்தல் பணி. 2024-ல் நாங்கள் ஏப்ரல் 19-ல் ஓட்டுப் போட்டுவிட்டோம். முடிவு ஜூன் 4-ல். அதுவரை நடத்தை விதி நீங்கவில்லை. நடக்கிற வேலை நடக்கலாம், புது வேலைக்குக் கை வைக்க முடியாது. வடகிழக்குப் பருவமழைக்கு முன் வடிகால் தோண்ட வாகான கோடை அப்படியே போகிறது. டெல்லியில் அட்டவணை போடுகிறவர்கள் இதையும் நினைத்துப் பார்க்கலாம். நானோ, "எலக்‌ஷன் முடியட்டும் சார்" என்ற ஓர் ஊழியரிடம், "நல்ல சாக்கு!" என்று குரலை உயர்த்திவிட்டு வந்தேன். அவர் கழுத்தில் தேர்தல் பயிற்சி வகுப்பு அட்டை தொங்கியதை வெளியே வந்த பிறகுதான் யோசித்தேன்.

கடைசியாகத் தொழில்வரி. என் சம்பளச் சீட்டில் அரையாண்டுக்கொரு முறை 1,250 ரூபாய் பிடிப்பார்கள். டெல்லிக்குப் போகிறது என்றே வெகுகாலம் திட்டிக்கொண்டிருந்தேன். அது மாநகராட்சிக்கு வருகிற பணம். அரையாண்டு வருமானம் 75,000 ரூபாயைத் தாண்டிய எல்லோருக்கும் சென்னையில் அதே 1,250தான். நிறுவனத்தின் தலைவருக்கும் எனக்கும் ஒரே தொகை. காரணம், ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று அரசியல் சாசனத்தின் 276-வது பிரிவு சொல்கிறது. அந்த வரம்பு 1988-ல் வைத்தது. 12,000 ஆக உயர்த்தலாம் என்று 14-வது நிதிக்குழு பரிந்துரைத்தும் நகரவில்லை. மேயர் நினைத்தாலும் முடியாது, முதலமைச்சர் நினைத்தாலும் முடியாது. நாடாளுமன்றம்தான் திருத்த வேண்டும். ஓர் எம்.பி.யிடம் நகரத்துக்காரன் கேட்க வேண்டிய கேள்வி என்றால் இதுதான். அன்றைக்கு என் துண்டுச்சீட்டில் முதல் வரியும் இதுவே.

முடிவு வந்து, அவர் ஜெயித்த பிறகு, விட்டதைப் பிடிக்கலாம் என்று உட்கார்ந்து மனு எழுதினேன். மதிப்பிற்குரிய நாடாளுமன்ற உறுப்பினர் அவர்களுக்கு, 276-வது பிரிவின் வரம்பை உயர்த்த ஆவன செய்யுமாறு... நடை நன்றாகவே வந்திருந்தது. மனைவியிடம் படித்துக் காட்டினேன்.

"இது ஒசந்தா யார் கட்டணும்?"

"சம்பளக்காரங்கதான்."

"நீங்களுமா?"

"நானுந்தான்."

"வருஷத்துக்கு எவ்வளவு?"

"பன்னெண்டாயிரம் வரைக்கும் போகலாம்."

அவள் ஒன்றும் சொல்லவில்லை, அடுப்பைக் கவனிக்கப் போய்விட்டாள். மனுவில் இன்னும் சில திருத்தங்கள் பாக்கி இருக்கின்றன. முடிந்ததும் அனுப்பிவிடுவேன்.