மூன்று பொய் ஊர்

ஊர்ப் பெயரை நம்பிப் பெட்டி கட்டக் கூடாது என்னும் ஞானம் எனக்கு ஐம்பது வயதுக்குமேல், ஸ்பெயின் தேசத்தின் வடக்கே ஒரு மலைநாட்டில், தோளில் துவாலையுடன் நின்றபோதுதான் சித்தித்தது. அந்த ஊருக்குச் சாந்தில்யானா தெல் மார் என்று பெயர். 'மார்' என்றால் அவர்கள் பாஷையில் கடல். 'தெல் மார்' என்றால் கடலைச் சேர்ந்தது. ஸ்பானிய மொழியில் அடியேனுக்கு இருந்த பாண்டித்தியம் மொத்தம் பன்னிரண்டு சொற்கள். அவற்றில் இரண்டு ஓர் ஊர்ப் பெயரிலேயே அகப்பட்டுவிட்டதால் உண்டான உற்சாகத்தில், ஜன்னலைத் திறந்தால் அலை தெரியும், காலையில் சமுத்திர ஸ்நானம், மாலையில் கடற்காற்று என்றெல்லாம் என் சகதர்மிணிக்கு வாக்குக் கொடுத்து, அவள் வேண்டாம் வேண்டாம் என்று தடுத்தும் கேளாமல், இரண்டு பெரிய துவாலைகளையும் தென்னைமரப் படம் போட்ட ஒரு சட்டையையும் பெட்டியில் திணித்துக்கொண்டு புறப்பட்டேன்.

சாந்தாந்தேர் என்னும் துறைமுகப் பட்டணத்திலிருந்து அவ்வூருக்குச் சுமார் 30 கிலோமீட்டர். பட்டணத்தை விட்டுப் பஸ் கிளம்பியதும் கடல் மரியாதையாக விடைபெற்றுக்கொண்டது. அதன்பின் பச்சைக் குன்றுகள் வந்தன. குன்றுகளின்மேல் பசுக்கள் வந்தன. பசுக்களின்மேல் மழை வந்தது. ஸ்பெயின் என்றாலே வெயிலும் காளைச் சண்டையும்தான் என்று எண்ணியிருந்த எனக்கு, காளைக்கு வேலையே இல்லாமல் கறவை மாடுகள் ராஜ்யம் செய்யும் இந்தக் காந்தாப்ரியா பிரதேசம் பெரிய ஆச்சரியமாக இருந்தது. "கடல் எந்தப் பக்கங்க?" என்று என் மனைவி கேட்டாள். "அடுத்த திருப்பத்தில்" என்றேன். அடுத்த திருப்பத்தில் மேலும் நான்கு பசுக்கள் இருந்தன.

விடுதிக்காரி அறுபது வயதுக்குக் குறையாத ஓர் அம்மாள். அறைச் சாவியை வாங்கியதும் வாங்காததுமாக, நான் துவாலையைத் தோளில் போட்டுக்கொண்டு, என் பன்னிரண்டு சொற்களில் மூன்றைச் செலவிட்டு, கடல் எங்கே என்று அவளை விசாரித்தேன். அவள் முதலில் துவாலையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பிறகு, ஆண்டுக்கு நூறு பேருக்காவது இந்த உபதேசத்தைச் செய்து பழகிய நிதானத்துடன், வலக்கையின் மூன்று விரல்களை உயர்த்திக் காட்டினாள். சாந்தில்யானாவுக்கு 'மூன்று பொய் ஊர்' என்று ஸ்பெயினில் ஒரு பரிகாசப் பெயர் உண்டாம். 'சாந்தா' என்றால் புனிதம். 'ல்யானா' என்றால் சமதரை. 'மார்' என்றால் கடல். ஊர் புனிதமானதும் அல்ல, சமதரையில் இருப்பதும் அல்ல, கடலோ நாலைந்து கிலோமீட்டருக்கு அப்பால், குன்றுகளுக்குப் பின்னால். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி முடித்ததும் அந்த அம்மாள் என் மனைவியைப் பார்த்துச் சிரித்தாள். என் மனைவியும் சிரித்தாள். பாஷை தெரியாத இரண்டு பெண்மணிகள் ஒரு கணத்தில் இவ்வளவு பூரணமாக ஒருவரையொருவர் புரிந்துகொண்டதை நான் வேறெங்கும் கண்டதில்லை.

கடல்தான் இல்லை, மற்ற இரண்டு பொய்களையாவது நேரில் பரீட்சித்துவிடுவது என்று கிளம்பினோம். சமதரை என்பது பொய் என்று நிரூபிக்க அதிக நேரம் பிடிக்கவில்லை. வெளியூர் வாகனங்களை ஊருக்குள் விடுவதில்லையாகையால், நாங்கள் வந்து இறங்கியபோதே, சக்கரம் வைத்த எங்கள் பெட்டி அந்தக் கருங்கல் பாவிய வீதிகளில் உருண்ட சப்தம், சுவாமி புறப்பாட்டுக்கு முன்னால் போகும் தவில்போல ஊரையே ஜன்னலுக்கு வரவழைத்திருந்தது. அந்தக் கற்களில் ஒன்று உயர்ந்தால் ஒன்று தாழும். மழையில் எல்லாம் வழுக்கும். ஆகவே நான் அன்று முழுவதும் தலை நிமிராமல், பூமாதேவிக்கு வந்தனம் செய்பவனைப்போல், என் கால்களையே பார்த்துக்கொண்டு நடந்தேன். மத்திய காலத்து மாளிகைகளைக் காண ஐயாயிரம் மைல் பிரயாணம் செய்து வந்தவன், அவற்றின் வாசற்படிகளை மட்டும் தரிசித்துக்கொண்டு போனேன்.

"ஏங்க, மேலே பாருங்க, ரெண்டு மீசைக்காரங்க!" என்றாள் மனைவி. சுவரோடு ஒட்டிக்கொண்டு பத்திரமாக நின்றபின் தலையைத் தூக்கினேன். ஒரு வீட்டின் முகப்பில், ஜன்னலைவிடப் பெரிதான ஒரு கல் கேடயத்தை, முறுக்கிய மீசையுடன் இரண்டு போர்வீரர்கள் ஆளுக்கொரு பக்கமாகத் தாங்கிக்கொண்டு நின்றார்கள். வீட்டுக்கே அவர்களை வைத்துத்தான் பெயர்: 'பெரிய ஆட்கள் வீடு'. அதன்பின் பார்த்தால், எந்தச் சுவரைப் பார்த்தாலும் கேடயம். கோபுரம், கழுகு, சிங்கம், சாவி என்று கல்லில் செதுக்கிய வம்சப் பெருமை. கீழ்த்தளத்தில் மாடு கட்டிக்கொண்டு மேல்தளத்தில் குடியிருந்தவர்கள்கூட நெற்றியில் நாமம் போட்டாற்போல வாசலுக்குமேல் ஒரு கேடயத்தைப் பதித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இவ்வளவு கேடயங்கள் எதற்கு என்று விசாரித்தபோது விஷயம் வெளிவந்தது. 'இதால்கோ' என்று அந்தக் காலத்தில் ஒரு சிறு பிரபு வர்க்கம். அச்சொல்லுக்கே 'ஏதோ ஒன்றுக்கு மகன்' என்பதுதான் பொருள். அந்த 'ஏதோ ஒன்று' பெரும்பாலும் நிலமும் அல்ல, பொன்னும் அல்ல, ஆனால் அதைவிட மேலானது: குடியானவர்கள் ராஜாவுக்குக் கட்டவேண்டிய வரியை இவர்கள் கட்ட வேண்டியதில்லை. யாரேனும் சந்தேகப்பட்டால், வல்யதொலீத் நகரத்து நியாயஸ்தலம்வரை போய் வழக்காடி, பாட்டனாருடைய பாட்டனார் வரி கொடுத்ததே இல்லை என்று சாட்சி வைத்துக் கௌரவத்தை நிலைநாட்டுவார்கள். வரி கொடுக்காததைப் பரம்பரை பரம்பரையாக மறைத்து வைப்பவர்களைத்தான் நான் அறிவேன். அதைக் கல்லில் செதுக்கி, மீசைக்கார ஆட்கள் இருவரைக் காவலும் வைத்து, வீதியில் போகிறவர்கள் எல்லோரும் பார்க்கும்படி வாசலில் மாட்டியவர்களை அங்கேதான் கண்டேன். இதில் பொய் எங்கே இருக்கிறது? இதைக் காட்டிலும் சத்தியவந்தர்கள் உண்டா?

ஊரின் பிரமுகர்கள் விஷயம் மட்டும் சற்றுச் சங்கடமானது. சாந்தில்யானா மார்க்குவேஸ் என்று ஸ்பானிய இலக்கியத்தில் பெரும் புகழ்பெற்ற கவி ஒருவர் உண்டு. இயற்பெயர் இன்யிகோ லோபெஸ் தெ மெந்தோசா. 1398இல் பிறந்து 1458இல் மறைந்த அவர், போர் செய்த நேரம் போக, இத்தாலியப் பாணியில் பதினான்கடிப் பாட்டுக்களைக் காஸ்தீலிய மொழியில் பாடினார். 1445இல் அரசன் அவருக்கு இந்தப் பட்டத்தைக் கொடுத்தான். ஆனால் அவர் பிறந்தது வேறு ஊர், மாளிகை கட்டி வாழ்ந்தது இன்னும் வேறு ஊர். இன்னொரு பிரமுகர் ஹீல் பிளாஸ். இவர் 1715இலிருந்து 1735 வரை லெசாஜ் என்னும் பிரெஞ்சுக்காரர் எழுதி வெளியிட்ட நாவலின் கதாநாயகர். ஆக, ஊருக்குப் புகழ் தேடிக் கொடுத்த இருவரில் ஒருவர் இங்கே பிறக்காதவர். மற்றவர் எங்கேயுமே பிறக்காதவர்.

புனிதத்தைச் சோதிக்க வீதியின் கோடியில் இருந்த கோயிலுக்குப் போனபோது, அது மதிய உறக்கத்தில் இருந்தது. நடை சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறக்கும் என்ற நியமம் நமக்குப் புதிதல்லவாகையால், கோபிக்காமல் திரும்பினோம். அந்த ஊரில் காத்திருப்பவர்களுக்கு ஒரு சம்பிரதாயம் உண்டு: ஒரு டம்ளர் பாலும் ஒரு துண்டு கேக்கும் வாங்கி, வாசல் கல்லில் உட்கார்ந்து சாப்பிடுவது. மதுவுக்குப் பேர்போன தேசத்தில், கம்பீரமான மீசையுடன் ஒரு பெரியவர் எங்களுக்குப் பக்கத்தில் குழந்தையைப்போல் பால் குடித்துக்கொண்டிருந்த காட்சியைவிடப் புனிதமான காட்சி வேறு எந்தக் கோயிலிலும் கிடைக்குமா என்பது சந்தேகம்.

கோயில் திறந்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கட்டடம். தடித்த சுவர், வளைந்த வாயில், அடக்கமான ஜன்னல். வானத்தை எட்டிப் பிடிக்கிற அவசரம் பிற்காலத்துச் சிற்பிகளுக்குத்தான் வந்தது. இதைக் கட்டியவர்கள் பூமியில் உறுதியாக உட்கார்ந்தால் போதும் என்று நினைத்தவர்கள். பக்கத்துத் தாழ்வாரத்தில் இரட்டை இரட்டையாகத் தூண்கள். ஒவ்வொரு தூணின் தலையிலும் ஒரு சிற்பம். ஒன்றில் கொடியும் கயிறும் பின்னிப் பின்னி, கோலம் போடுகிற நம் பெண்கள் பார்த்தால் புள்ளி எத்தனை என்று கேட்கும் வண்ணம் சுற்றிக்கொண்டு போகின்றன. இன்னொன்றில் சிங்கங்களுக்கு நடுவே தானியேல் தீர்க்கதரிசி, அவை மிகவும் நல்ல சிங்கங்கள் என்பதுபோல் நிற்கிறார்.

ஆனால் எனக்கு வேண்டியது அந்தக் கோயிலின் நாயகியினிடம் இருந்தது. அவள் பெயர் ஜூலியானா. இன்றைய துருக்கியில் இருக்கும் நிக்கோமேதியா நகரத்துக் கன்னிகை. நாலாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ரோமானிய அதிகாரி ஒருவனை மணக்க மறுத்ததற்காகச் சிறையில் வதைபட்டு உயிர்விட்டவள். அவளுடைய அஸ்தியைத் துறவிகள் இவ்வளவு தூரம் கொண்டுவந்து வைத்த இடத்தில்தான் முதலில் மடமும் பிறகு ஊரும் எழும்பின. 'சாங்த்தா யூலியானா' என்பதுதான் நாக்கில் புரண்டு புரண்டு சாந்தில்யானா ஆகியிருக்கிறது. அப்படியானால் 'ல்யானா' என்பது சமதரையும் அல்ல, ஒன்றும் அல்ல. ஒரு பெண்ணின் பெயரில் பாதி. மூன்று பொய்களில் இரண்டு, பெயரைத் தப்பாகப் பிரித்த பண்டிதர்களுடைய பொய்யே தவிர ஊருடைய பொய் அல்ல. பதம் பிரிக்கத் தெரியாமல் பொருள் சொல்லும் வித்துவான்களை நான் அறிவேன். அவர்கள் எல்லாத் தேசத்திலும் இருக்கிறார்கள் என்பதில் ஓர் ஆறுதல்.

அவள் கதை இன்னும் விசேஷமானது. சிறையில் இருந்தபோது, தேவதூதன் வேஷத்தில் ஒருவன் வந்து, அதிகாரி சொல்கிறபடி நடந்துவிடு என்று புத்தி சொன்னானாம். வந்தவன் சைத்தான் என்று கண்டுகொண்ட ஜூலியானா, அவனைக் கட்டிப்போட்டு, தன்னைப் பிணித்திருந்த சங்கிலியாலேயே நையப் புடைத்தாள் என்பது ஐதிகம். மாட்டைத் தும்பைப் பிடித்து இழுத்துப்போகிறவளைப்போல் அவள் சைத்தானைக் கட்டிப் பிடித்திருக்கும் சிற்பத்தை என் மனைவி வெகுநேரம் ரசித்தாள். வேஷத்தைக் கண்ட மாத்திரத்தில் பொய்யைப் பிடித்துவிடும் ஒருத்தியைக் குலதெய்வமாக வைத்துக்கொண்ட ஊருக்கா பொய் ஊர் என்று பட்டம்! இந்த நியாயத்தை நான் உணர்ச்சியோடு எடுத்துச் சொன்னபோது, "கடல் தெரியும்னு சொன்னீங்களே, அப்பவே நானும் கண்டுபிடிச்சேன்" என்று மட்டும் அவள் சொன்னாள். கையில் சங்கிலி இல்லாதது என் பாக்கியம்.

மறுநாள் இரண்டு கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் அல்தமீரா குகைக்குப் போனோம். 1879இல் மார்செலீனோ சான்ஸ் தெ சௌத்துவோலா என்னும் கனவான், ஆதிமனிதனின் கல்லாயுதங்களையும் எலும்புகளையும் தேடி அந்தக் குகையின் தரையைத் தோண்டிக்கொண்டிருந்தார். தரையைத் தவிர வேறெதையும் அவர் பார்க்கவில்லை. கூடவந்த அவருடைய எட்டு வயது மகள் மரியா, குழந்தையாகையால் சும்மா அண்ணாந்து பார்த்தாள், பார்த்துவிட்டு, "அப்பா, மாடு!" என்று கத்தினாள். தலைக்குமேல், காவியிலும் கரியிலும், பதினாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக ஒருவரும் பாராட்டாமல், காட்டெருமைகள் படுத்தும் நின்றும் புரண்டும் கிடந்தன. இந்த இடத்தில் என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். முந்தின நாள் முழுதும் தரையைப் பார்த்து நடந்தவன் யார், மீசைக்காரர்களை அண்ணாந்து பார்த்தவள் யார் என்பதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை.

சௌத்துவோலா 1880இல் இதை ஒரு சிறு நூலாக வெளியிட்டார். ஐரோப்பாவின் சாஸ்திரிமார்கள் சிரித்தார்கள். கல்லாயுதக் காலத்துக் காட்டாளுக்கு இவ்வளவு அழகாக எழுதத் தெரியுமா? தமக்குத் தெரிந்த ஓவியன் எவனையோ கொண்டு அவரே எழுதுவித்த மோசடி என்றும் பேசினார்கள். பொய்யன் என்ற பெயருடனேயே 1888இல் அவர் காலமானார். பிறகு பிரான்ஸ் தேசத்துக் குகைகளில் இதே மாதிரி ஓவியங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிப்பட, எதிர்த்தவர்களில் முக்கியஸ்தரான எமீல் கார்த்தய்யாக் 1902இல் தம் பிழையை ஒப்புக்கொண்டு பகிரங்கமாக எழுதினார். மன்னிப்பு வந்து சேர்ந்தபோது, அதைப் பெற்றுக்கொள்ள வேண்டியவர் போய்ப் பதினாலு வருஷம் ஆகியிருந்தது. பொய் ஊர் என்று சிரிக்கப்பட்ட இடத்துக்குப் பக்கத்தில்தான் இத்தனை பெரிய மெய், பொய் என்று பேர் எடுத்து இருபது வருஷம் காத்துக் கிடந்தது.

அந்த மெய்யை நாங்கள் பார்த்தோமா என்றால், இல்லை. ஜனங்கள் கூட்டங் கூட்டமாக வந்து விட்ட மூச்சின் சூட்டிலும் ஈரத்திலும் ஓவியங்கள் கெடத் தொடங்கியதால், 1977இல் குகையை மூடினார்கள். 1982இல் அளவாகத் திறந்து, 2002இல் மறுபடி மூடினார்கள். வந்தவர்களை ஏமாற்றாமல் இருக்க, பக்கத்திலேயே ஒரு பிரதிக் குகையைக் கட்டி 2001இல் திறந்திருக்கிறார்கள். பாறையின் மேடு பள்ளம், எருமையின் முதுகு அந்த மேட்டில் பொருந்தும் லாவகம், எல்லாம் அச்சாக அப்படியே. இது அசல் அல்ல, நகல் என்று ஒளிக்காமல் சொல்லியும் விடுகிறார்கள். மூச்சை அடக்காமல் தாராளமாக விட்டுக்கொண்டு, அண்ணாந்து, வெகுநேரம் பார்த்தேன். கழுத்து வலித்தது, அந்த வலி அசல்.

கடைசி நாள், வாங்கிய பொருளை உபயோகிக்காமல் திரும்புவது குடும்ப தர்மத்துக்கு விரோதமாகையால், ஒரு வாடகைக் காரில் கடற்கரைக்கே போனோம். பாறைக்குள் பதுங்கிக்கொண்டு சாந்தா ஹுஸ்தா என்று ஒரு சிறு கோயில். அதன் காலடியில் கடல். இருந்தது, ஆனால் கணுக்காலை நனைத்ததற்குமேல் போக என் தேகம் சம்மதிக்கவில்லை, அவ்வளவு குளிர். அந்தச் சமயம் பார்த்து மழையும் பிடித்துக்கொள்ள, இரண்டு துவாலைகளும் எங்கள் தலைகளைத் துவட்டப் பயன்பட்டு ஜன்ம சாபல்யம் அடைந்தன.

ஊர் திரும்பியதும் எதிர்வீட்டு நண்பர் காப்பிக்கு வந்தார். "அல்தமீரா ஓவியங்களைப் பார்த்தீர்களா?" என்று கேட்டார். "பார்க்காமலா!" என்றேன். "ஊர் கடலோரமாமே?" என்றார். "ஜன்னலைத் திறந்தால் அலை" என்றேன். காப்பித் தட்டுடன் வந்துகொண்டிருந்த என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. தட்டை மேஜைமேல் வைத்துவிட்டு, நண்பருக்குத் தெரியாதபடி, அந்த விடுதிக்காரி காட்டியது போலவே வலக்கையை உயர்த்தினாள். இந்தத் தடவை விரல்கள் நான்கு இருந்தன.