முன்பின்னி: ஒரு சிற்றாய்வு

மனிதன் அற்றுப்போய் 5 கோடி ஆண்டு கழிந்த உலகில் என்னென்ன விலங்குகள் திரியும் என்று டூகல் டிக்சன் 1981இல் ஒரு நூலே எழுதினார். பசிபிக்கின் 4,500 மீட்டர் ஆழத்துச் சேற்றுக்கு மட்டும் அவர் இறங்கவில்லை. அக்குறையை நீக்கவே இச்சிற்றாய்வு.

முன்பின்னி, கடல் அட்டையின் வழித்தோன்றல். கட்டைவிரல் நீளம். கண் இல்லை, அந்த இருட்டில் பார்ப்பதற்கும் ஒன்றுமில்லை. கடல்தரையில் கிடக்கும் மாங்கனீசு முடிச்சு ஒன்றைப் பற்றிக்கொண்டு, மேலிருந்து உதிரும் செத்த மிதவை உயிரிகளின் துகள்களைத் தின்று வாழும். முடிச்சு 10 லட்சம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டரே வளரும் என்பதால், வீட்டை இடித்துக் கட்டும் கவலை அதற்கில்லை.

உடலின் இரு முனையிலும் ஒவ்வொரு துளை. இரண்டும் உண்ணும், இரண்டும் மூச்சுவிடும், மற்றதையும் முறைவைத்து இரண்டுமே செய்யும். சென்ற வேளை வாயாக இருந்தது இந்த வேளை அப்படி இராது. இதில் வியக்க ஏதுமில்லை. இன்றைய கடல் அட்டைகளிலேயே பல பின்வழியாகத்தான் மூச்சுவிடுகின்றன. அவற்றுள் ஓரினம் அவ்வழியே கொஞ்சம் உணவும் கொள்கிறது என்று 2013இல் எழுதினார்கள். சிலவற்றின் பின்துளைக்குள் ஒருவகை மீன் குடித்தனமே நடத்துகிறது. முன்பின்னி இப்பழக்கங்களை ஓர் ஒழுங்குக்குக் கொண்டுவந்தது, அவ்வளவே.

எனினும் தலை எது என்ற வினா அறிஞரை உறங்கவிடவில்லை. முந்தி நகர்வதே தலை என்பர் ஒரு சாரார். அற்றன்று, அது நீரோட்டம் தள்ளுவதால் நிகழ்வது என்பர் மறு சாரார். இரண்டுமே தலை என்பாரும் உளர். அவர்கள் வேலை நிரந்தரமாகாத இளையோர் ஆதலின் அக்கருத்து ஈண்டு ஆராயப்படவில்லை.

இதில் அவசரம் ஆகாது. கனடாவின் பர்ஜெஸ் பாறையில் கிடைத்த, 50 கோடி ஆண்டுக்கும் முந்தைய கடலடிப் பிராணி ஒன்றுக்கு 1977இல் சைமன் கான்வே மாரிஸ் ஹாலுசிஜீனியா என்று பெயர் வைத்தார். முதுகு முட்களைக் கால்களாகக் கொண்டு அதை நிற்கவும் வைத்தார். 1991இல் வேறு இருவர் அதைப் புரட்டிப்போட்டார்கள். தலை என்று நம்பப்பட்டது உடல் அழுகிக் கசிந்த கறை என்பதும், மெய்யான தலை மறுமுனையில் இருப்பதும் 2015இல்தான் உறுதியாயிற்று. கல்லாகி அசையாமல் கிடந்ததற்கே 38 ஆண்டு. முன்பின்னியோ நகர்கிறது.

முன்பின்னிகளுக்குள் இதுபற்றி விவாதம் இருப்பதாகத் தெரியவில்லை. முன்பின் தெரியாத இரண்டு எதிர்ப்பட்டால், அருகிலிருக்கும் முனையால் தொட்டுக்கொண்டு விலகிப்போகின்றன. அளந்து பார்த்ததில், இடப்பக்கக் குழாய்க்கால்கள் வலப்பக்கத்தவற்றைவிடச் சற்றே நீளமானவை. இடம் எது, வலம் எது என்பது தலை முடிவானதும் அறிவிக்கப்படும்.