அட்மின் கோப்பின் இருப்பிட விசாரணை

உலகத்திலே தீராத சர்ச்சைகள் பல உளவாயிருக்க, ஜாங்கோ என்னும் வலைக்கட்டமைப்பிலே பல செயலிகளைக் கூட்டித் தளமொன்றை நிறுவுவோன் அவற்றின் நிர்வாகத் திரைக்குரிய ஏற்பாடுகளை எங்கே எழுதிவைத்தல் தகும் என்ற வினா மட்டும் இதுகாறும் பண்டிதர்களின் கடாக்ஷத்தைப் பெறாதிருப்பது பரிதாபமே.

2005இல் அமெரிக்காவின் லாரன்ஸ் நகரத்துப் பத்திரிகை அலுவலகமொன்றிலிருந்து, ஜாங்கோ ரைன்ஹார்ட் என்னும் கிதார் வித்துவானின் நாமத்தைத் தாங்கி வெளிப்போந்த இக்கட்டமைப்பில், நிர்வாக ஏற்பாடு ஆதியில், தரவின் வடிவைச் சொல்லும் மாடலின் உள்ளேயே வாசஞ் செய்தது; 2008 செப்டெம்பரில் 1.0 வெளியானபோது அங்கிருந்து எழுப்பப்பட்டு, செயலிதோறும் அட்மின்.பை என்ற தனிக்கோப்பிற் குடியமர்ந்தது. முன்னதை அகம் என்றும் பின்னதைப் புறம் என்றும் வகுத்தால் தமிழ்ப் புலவர்க்கு ஆட்சேபமிராது.

இனி உதாரணம். 1990இல் ஊரைவிட்டுப் பெயர்ந்து, 2017 ஜூலையிலேதான் தம் துறைமுகத்தைத் திரும்பக் கண்ட யாழ்ப்பாணத்து மயிலிட்டிக் கடற்றொழிலாளரின் சங்கமொன்றுக்குக் கணக்குத் தளம் அமைப்பதாகக் கொள்வோம். படகுப் பதிவு, டீசல், ஐஸ், மீன் கூறல் என்னும் ஏலம் என்று நான்கு செயலிகள். இவற்றுட் படகுச் செயலி, நீர்கொழும்பின் பலநாட் கலங்களுக்கென ஒருவர் செய்ததை இரவல் வாங்கியது. ஆகையால் அதன் திரை, பயணம் எத்தனை நாள், மீன் அறையின் கொள்ளளவு என்ன என்று கேட்கும். மாலையிற் போய் விடியலில் மீளும் ஃபைபர் வள்ளத்துக்கு இவை எதற்கு? படகுடைய சம்மாட்டி சிரிப்பார், அந்தப் பத்திகளை நிரப்பவேண்டிய செயலாளர் சிரிக்கமாட்டார்.

இரவற் செயலியின் அட்மின் கோப்பையே திருத்திவிடலாமே என்பது பூர்வபக்ஷம். அடுத்த பதிப்பை நிறுவிய கணமே திருத்தம் மறைந்துபோமாதலால் அது நில்லாது. சித்தாந்தமாவது: சங்கத்துக்கென்றே ஒரு சொந்தச் செயலி வைத்து, அதன் அட்மின்.பையில், படகு மாடலை நிர்வாகத் திரையிற் சேர்த்த முந்திய பதிவை நீக்கி மறுபதிவு செய்தல். நீக்காமற் பதிந்தால் 'ஏற்கெனவே பதிவாயிற்று' என்றும், பதியாததை நீக்கினால் 'பதிவாகவே இல்லை' என்றும் கட்டமைப்பு சினந்து நின்றுவிடும்.

இங்கேதான் வித்துவான்களும் இடறும் நுட்பம். செட்டிங்ஸிலுள்ள செயலிப் பட்டியலின் வரிசைப்படியே அட்மின் கோப்புகள் ஏற்றப்படுவதால், பதிவேட்டில் பின்னே வருபவனுக்கே கடைசி வார்த்தை. திரையின் அச்சாகிய டெம்ப்ளேட்டுகளிலோ முன்னே நிற்பவனுக்கே வெற்றி. இரண்டையும் மாற்ற விரும்பும் சொந்தச் செயலி பட்டியலின் தலையிலும் வாலிலும் ஒருங்கே நிற்றல் எங்ஙனம் கூடும்? கூடாதென்று கைவிடவேண்டுவதில்லை. தலையிலே நின்றுகொண்டு, இரவற் செயலியின் அட்மின் வகுப்பைத் தன் கோப்பின் முதல் வரியில் இம்போர்ட் செய்துவிட்டால், அந்தப் பதிவு அப்போதே நடந்தேறிவிடும். அதன்பின் நீக்குவதற்குத் தடையில்லை. இவ்வுபாயத்தை எளியேன் மிகவும் ரசிக்கிறேன். முறையானதென்று மட்டும் சாதிக்கமாட்டேன்.

திரையிலே செயலிக்குத் தமிழ்ப் பெயர் வரவேண்டுமாயின், 2014இன் 1.7 பதிப்போடு வந்த ஆப்கான்ஃபிக் என்னும் செயலி ஏற்பாட்டு வகுப்பில் 'வள்ளங்கள்' என்று எழுதினாற் போதும். மீன் கூறுபவருக்கும் செயலாளருக்கும் வெவ்வேறு திரை வேண்டுமாயின் அட்மின் தளத்தையே இரண்டாகச் செய்துகொள்ளலாம். இயல்பாயமைந்த தளத்தையே மாற்றி நம்முடையதை வைக்கும் எளிய வழியோ, மயிலிட்டித் துறைமுக அபிவிருத்திக்கு அடிக்கல் நாட்டப்பெற்ற அதே 2018 ஆகஸ்டில், 2.1 பதிப்பிலே திறந்தது. இரண்டுக்கும் சம்பந்தமில்லையென்பார் இல்லையென்க, ஆய்வாளன் குறித்துவைக்கக் கடமைப்பட்டவன்.