காளான் தப்பினால் கேஸ் இல்லை

மேகம் கண்ணை மறைக்கும்போது விமானிக்குத் துணை, எந்த இடத்தில் எவ்வளவு உயரத்தில் வர வேண்டும் என்று சொல்லும் கையகல வரைபடம்தான். 1964-இல் லாஸ் வேகாஸ் அருகே தரையிறங்க வந்த விமானம் மலையில் மோதி 29 பேர் இறந்தார்கள். வரைபடத்தில் எண்கள் எல்லாம் சரி. ஆனால் மேலிருந்து பார்க்கும் படத்தின் 15 மைலும், பக்கவாட்டுப் படத்தின் 3 மைலும் தாளில் ஒரே அகலம்! 1981-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த வரைபடத்தைக் குறையுள்ள சரக்கு என்றது. குக்கர் வெடித்தால் என்ன சட்டமோ, அதே சட்டம்.

பத்தாண்டு கழித்து அதே நீதிமன்றத்துக்கு இருவர் வந்தார்கள். காளான் கலைக்களஞ்சியத்தை நம்பிக் காளான் பறித்துத் தின்று, கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை வரை போனவர்கள். விமான வரைபடம் திசைகாட்டி மாதிரி ஒரு கருவி, புத்தகமோ வெறும் கருத்து, பதிப்பாளருக்குப் பொறுப்பில்லை என்று நீதிபதிகள் அவர்களை அனுப்பிவிட்டார்கள். பத்தி எழுதுகிறவர்களுக்கு இதைவிட இனிப்பான தீர்ப்பு உண்டா?

ஆகவே வாசகர்களே, காளான் பற்றிய சந்தேகங்களைத் தயவுசெய்து எனக்கு எழுதிக் கேட்காதீர்கள்.