கலெக்டருக்கே தெரியாத லீவு

எல்லாரும் வேலை உள்ளவக. உங்களுக்கு எங்க நேரம்? அதான் இந்தத் தெரு வேப்பமரத்தடிக்கு நானே வந்துட்டேன். பெரிய டீச்சர் ஒரு தாளைக் கையில குடுத்து, "பாட்டையா, மழைக்காலம் வந்தாச்சு, இதைப் பிள்ளைகளைப் பெத்தவகளுக்கு வாசிச்சுக் காட்டிருங்க"ன்னாக. "குரூப்புல போட்டாத் தீந்துச்சே தாயி"ன்னேன். "போட்டேன் பாட்டையா. முப்பது பேர் கும்புடு போட்டிருக்காக, ஒருத்தரும் வாசிக்கலை"ன்னாக. அதுவும் நாயந்தான். நம்ம ஊர்ல போன்ல வார சேதிக்கு மரியாதை ஜாஸ்தி. பாத்த உடனே கும்புட்டுருவோம். சாமியைக் கும்புடுவாகளா, வாசிப்பாகளா?

காலாண்டுப் பரீட்சை லீவு முடிஞ்சு பள்ளிக்கூடம் திறந்தாச்சுன்னு முதல் வரியில இருக்கு. உங்கள்ல நாலு பேருக்கு இது புதுச் சேதியா இருக்கும்.

அடுத்தது மழை லீவு. வடகிழக்குப் பருவமழை டிசம்பர் வரைக்கும் பெய்யும். தமிழ்நாட்டுக்கு ஒரு வருசத்துல கெடைக்கிற மழையில பாதிக்குப் பக்கம் இந்த மூணு மாசத்துலதான். கரிசக்காட்டு ஆளுகளுக்கு இதை நான் சொல்லணுமா? கோவில்பட்டிக்கு மேக்க மின்னினா எந்தக் காடு நனையும்னு சொல்லுத ஆளுக நீங்க. ஆனா பள்ளிக்கூடத்துக்கு லீவு விடுறது மேகம் இல்ல, கலெக்டர். அது மட்டும் உங்களுக்குப் பிடிபட மாட்டேங்குது.

போன செவ்வாக்கெழமை ராத்திரி ஒரு சேதி வந்துச்சே, "கனமழை காரணமாக நாளை பள்ளிகளுக்கு விடுமுறை"ன்னு. மறுநாள் பெரிய டீச்சர் பள்ளிக்கூடத்தைத் திறந்துட்டு உக்காந்திருக்காக. இருபத்தேழு பிள்ளைகள்ல வந்தது அஞ்சு. வானம் வெள்ளாவி வச்ச வேட்டி மாதிரி கெடக்கு. சமையக்காரம்மா அண்டா நெறையப் பொங்கலை வச்சுக்கிட்டு வாசலையே பாக்குது. வந்த அஞ்சுல ஒரு அஞ்சாப்புப் பிள்ளை டீச்சர் போனை வாங்கிப் பாத்துட்டு, "டீச்சர், இதுல போன வருசத் தேதிலா போட்டிருக்கு"ன்னுச்சாம். அதுக்கும் மேல, மாவட்டம் நாகப்பட்டினம்! நீங்க அத்தனை பேரும் நாகப்பட்டினத்துல பெய்ஞ்ச போன வருச மழைக்கு இங்க பிள்ளைகளை இழுத்துப் போத்திப் படுக்க வச்சிருக்கீக. என்னா பாசம்!

அந்தச் சேதியை முதல்ல அனுப்புனது யாருன்னு இப்பக் கேக்காதீக. மழை லீவுன்னா டிவியில எழுத்து ஓடும், டீச்சரும் சொல்லுவாக. அது வரைக்கும் பையை மாட்டி விடுங்க, அம்புட்டுதான்.

சரி, மழை பெய்ஞ்சா விதைப்பு, விதைச்சாக் களை. உளுந்துலயும் பருத்தியிலயும் களை எடுக்க மூணாப்புப் பையன் இல்லாம ஆகாதுன்னு ஒரு வீட்டுல சொன்னாக. வாஸ்தவந்தான். நாமள்லாம் இடுப்பு செத்த பயக. அவன்தான் குடும்பத்தைத் தாங்கணும். நல்லா வச்சுக்கோங்க. ஆனா ஒண்ணு. பள்ளிக்கூடத்துல இப்ப 'எண்ணும் எழுத்தும்'னு ஒரு பாடமுறை இருக்குல்லா, அதுல எழுத்து கூட்டுற பக்குவத்தைப் பாத்து அரும்பு, மொட்டு, மலர்னு பிள்ளைகளைப் பிரிச்சு உக்கார வைக்காக. உங்க வீட்டு மொட்டு ரெண்டு வாரம் களை எடுத்துட்டுப் போனா மறுபடி அரும்புல போயி உக்காருது. நானும் அறுபது வருசமா வெள்ளாமை பாக்கேன். மொட்டு திரும்ப அரும்பாகுற செடியை உங்க வீட்டுலதான் பாத்திருக்கேன்.

காலைச் சாப்பாட்டுச் சேதி ஒண்ணு இருக்கு. இதுல நான் கொஞ்சம் பேசுவேன், பொறுத்துக்கோங்க. எட்டையபுரத்துல காமராசர் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு தொடங்கி வச்சது 1956-ல. எனக்கு அப்ப ஏழு வயசு. எங்க பள்ளிக்கூடத்துக்கும் சாப்பாடு வந்த பிறகு, சிலேட்டை மறந்தாலும் ஈயத்தட்டை மறந்து போனது இல்ல. தட்டு விளிம்பு ஒரு பக்கம் நெளிஞ்சிருக்கும். நெளிஞ்ச பக்கமா ரசம் வழிஞ்சு தொடையில சுடும். சுடச்சுடத்தான் தின்னேன். இப்போ 2022 செப்டம்பர்ல மதுரையில காலைச் சாப்பாடு தொடங்கி, மறு வருசம் ஆகஸ்ட்டுல திருக்குவளையில வச்சு அரசு தொடக்கப் பள்ளி எல்லாத்துக்கும் விரிச்சுட்டாக. ஒண்ணாப்புல இருந்து அஞ்சாப்பு வரைக்கும் எல்லாப் பிள்ளைக்கும் உண்டு. ஒரு நாள் உப்புமா, ஒரு நாள் பொங்கல், சாம்பாரோட.

நீங்க என்ன செய்யுதீக? ஏழரை மணிக்கு டீயில நாலு பிஸ்கட்டை முக்கிக் குடுத்து வயித்தை அடைச்சுட்டு, பள்ளிக்கூட மணி அடிச்ச பெறகு கொண்டாந்து விடுதீக. பிறகு "உப்புமா ஆறிப் போச்சு"ன்னு சமையக்காரம்மாகிட்ட சண்டை. உங்க கல்யாணப் பந்திக்கு இப்படிப் பிந்திப் போயிருந்தா உங்களை யாரு கூப்பிட்டு உக்கார வச்சிருப்பா?

கொசுவுக்கு வருவோம். வடக்கூட்டு ஆத்தா, கோவிச்சுக்கிடாத. உன் வீட்டுக் கொல்லையில நீ கொசு வளக்குற நேர்த்தி யாருக்கும் வராது. ஆட்டுக்கல் குழியில ஒரு மந்தை, பழைய டயருக்குள்ள ஒரு மந்தை, சிரட்டையில குட்டிகளுக்குத் தனியா ஒரு கொட்டில். பிரிட்ஜுக்குப் பின்னால தட்டுல தண்ணி தேங்கும்லா, அதுல ஒரு மந்தை ஏசியில வளருது. டெங்குக் கொசு சாக்கடையைத் தேடாது தாயி. ஒன்னைய மாதிரிதான், நல்ல தண்ணி கேக்கும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். அதனால வாரம் ஒரு நாள் தண்ணியைக் கொட்டி, தொட்டியோட உள்பக்கத்தைத் தேய்க்கணும். வெறுமனே கொட்டினா முட்டை சுவர்ல ஒட்டிக்கிட்டு அடுத்த தண்ணிக்குக் காத்துக்கிட்டு இருக்கும். இன்னொண்ணு, அது பகல்ல கடிக்கிற சாதி. நீங்க ராத்திரி பத்தி கொளுத்திட்டுத் தூங்குதீக. அது பொழுது விடிஞ்சு, பிள்ளைக கூடவே பள்ளிக்கூடத்துக்குப் போகுது. வருகைப் பதிவேட்டுல அதுக்குத்தான் முழு வருகை!

காய்ச்சல்னா ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிட்டுப் போங்க. பெட்டிக்கடையில மிட்டாய் வாங்குற மாதிரி மாத்திரை வாங்கிப் போடாதீக. நெலவேம்புக் கசாயம் குடிக்க வேண்டாம்னு நான் சொல்லலை, நானே குடிக்கேன். ஆனா கசாயம் ரத்தம் எடுத்துப் பரிசோதனை பண்ணாது.

குடையில பேர் எழுதிக் குடுங்க. பள்ளிக்கூடத்துப் பீரோவுக்கு மேல ஆளில்லாத குடை ஏழு கெடக்குதாம். ஒத்தைச் செருப்பு மூணு, மூணும் இடதுகால். தீபாவளி வெடி காலையில ஆறுல இருந்து ஏழு, ராத்திரி ஏழுல இருந்து எட்டு. பாத்துப் போடுங்க. கைக்குழந்தை கையில மத்தாப்பைக் குடுத்துப் போட்டோ எடுக்க வேண்டாம்.

கடைசியா, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம். 2009 சட்டத்துல அந்தக் குழுவுல முக்கால்வாசி பெத்தவக, பாதிப்பேர் பொம்பளைகன்னு இருக்கு. நம்ம ஊர்லயும் சட்டப்படிதான் நடக்குது. கையெழுத்து பொம்பளைக போடுதாக, நாற்காலியில அவக வீட்டுக்காரக உக்காருதாக. போன கூட்டத்துல ரெண்டாப்பு ஓடு ஒழுகுதுன்னு டீச்சர் சொன்னப்ப எல்லாரும் மோட்டைப் பாத்தாக. ஆண்டுவிழா பேனர்ல யார் படம்னு கேட்டப்பதான் கூட்டத்துக்கே உசுரு வந்துச்சு. இந்தத் தடவை, தாயிகளா, நீங்களே வாங்க. வீட்டுக்காரகளை ஆட்டுக்கல்லைத் தேய்க்கச் சொல்லுங்க.

என்னல, கடைசியில நின்னு சிரிக்க? இம்புட்டும் பேசுத கெழவன் எதுக்கு வேலை மெனக்கெட்டுத் தெருத்தெருவா வாரான்னு கேக்க. சரி, சொல்லிருதேன். அந்த நாகப்பட்டினத்து லீவுச் சேதி குரூப்புக்குப் போனது என் நம்பர்ல இருந்துதான். நான் எங்க அனுப்பினேன்? எனக்குப் பச்சைப் பட்டனும் சிவப்புப் பட்டனும்தான் தெரியும். நாலாப்புப் படிக்கிற எம் பேரன், தாத்தாவுக்குத் தேஞ்ச கண்ணுன்னு தெரிஞ்சு அமுக்கி விட்டுட்டான். பெரிய டீச்சர் கூப்பிட்டு விட்டாக. அவனுக்கு என்ன தண்டனைன்னு பயந்துக்கிட்டுப் போனேன். "பிள்ளைகளைத் தண்டிக்கச் சட்டம் இல்லை பாட்டையா"ன்னு சொல்லிட்டு, இந்தத் தாளை எங்கிட்ட நீட்டிட்டாக.

இன்னும் கீழத்தெருவும் காலனியும் பாக்கி. அந்தக் குடையை எடு, தூறல் விழுது. அதுல எந்தப் பிள்ளை பேர் எழுதியிருக்குன்னு வாசிக்காத.