கறவை மாட்டை வற்ற வைப்பது எப்படி?

நன்றாகக் கறக்கிற மாட்டால் வரும் தொல்லை கொஞ்சநஞ்சமல்ல. விடிய நாலரைக்கு எழும்ப வேண்டும். போத்தல் கழுவ வேண்டும். முன்வீட்டு மாமிக்கு ஒரு போத்தல் கொடுத்தால் பின்வீட்டு மாமி முகம் திருப்புவா. மிஞ்சியதைத் தயிராக்க வேண்டும், தயிர் மிஞ்சினால் மோராக்க வேண்டும். அங்கர் பால்மாப் பக்கற் ஒன்றை உடைத்து நிம்மதியாகத் தேத்தண்ணி குடிக்க நினைக்கும் யாழ்ப்பாணக் குடாநாட்டுக் குடும்பத்துக்கு இது எவ்வளவு பெரிய இடைஞ்சல்!

அப்படிப்பட்டவர்களுக்காகவே இந்த வழிகாட்டி. மருந்து மாயம் எதுவும் தேவையில்லை. தீனியை வைத்தே ஒரு ஜேர்சிக் கலப்பு மாட்டைப் பத்துப் போத்தலிலிருந்து இரண்டு போத்தலுக்கு இறக்கிவிடலாம். அதுவும், “அவர் மாட்டைப் பிள்ளை மாதிரியெல்லோ பாக்கிறார்” என்று ஊர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே.

முதலில் எதிரி யார் என்று தெரிந்துகொள்ளுங்கள். மாடு அல்ல. மாட்டின் வயிறு நாலு அறை கொண்டது. அதில் முதலாவதும் மிகப் பெரியதுமான அசையூண் வயிறு மட்டும் நூறு லீற்றருக்கு மேல் கொள்ளும். தோசைக்குக் கரைத்து வைத்த மாச்சட்டி போல அது இரவு பகலாய்ப் புளித்துக்கொண்டே இருக்கிறது. புல்லையும் வைக்கலையும் உடைக்கிற வேலையை அங்கே குடியிருக்கும் கோடானுகோடி நுண்ணுயிர்கள்தான் செய்கின்றன. அவை விடுகிற அமிலங்கள் வயிற்றுச் சுவர் வழியே இரத்தத்தில் சேரும். நார்த் தீனியிலிருந்து பெரும்பாலும் வருவது அசற்றிக் அமிலம். அது பாலின் கொழுப்பாகிறது. தவிடு, புண்ணாக்கு, தானியம் கூடினால் புரொப்பியோனிக் அமிலம் கூடும். ஈரல் அதைக் குளுக்கோசாக்கும், மடி அந்தக் குளுக்கோசைப் பாற்சீனியாக்கும், பாற்சீனி தண்ணீரை இழுக்கும், பால் பெருகும். வேலை முடிந்த நுண்ணுயிர்களே கடைசி அறைக்குப் போய்ச் சமித்து மாட்டுக்குப் புரதமும் ஆகிவிடுகின்றன. மாட்டோடு மல்லுக்கட்டுவதில் பயனில்லை. அடிக்க வேண்டியது அந்தக் குடிகளை.

அவற்றுக்கு இதமான இடம், அமில காரக் கணக்கில் ஆறுக்கும் ஏழுக்கும் இடைப்பட்டது. அந்த இதத்தைக் காப்பது எச்சில். பெரிய மாடொன்று ஒரு நாளில் நூறு லீற்றருக்கும் மேல் எச்சில் ஊறவைக்கும். அப்பச் சோடாவில் உள்ள அதே பொருள் அதில் கரைந்திருக்கிறது. எச்சில் ஊறுவது மெல்லும்போது. மெல்ல வைப்பது நார். பின்னேரம் கொட்டிலுக்குள் படுத்திருக்கிற மாட்டின் கழுத்தைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். ஓர் உருண்டை கீழிருந்து சரசரவென்று மேலே ஏறும். தாடை ஒரு பக்கமாய் அரைக்கத் தொடங்கும். ஐம்பது, அறுபது அரைவை. விழுங்கும். ஒன்றிரண்டு மூச்சுக்குச் சும்மா இருக்கும். பிறகு அடுத்த உருண்டை. நல்லாய் இருக்கிற மாடு ஒரு நாளில் ஏழெட்டு மணித்தியாலம் இப்படிக் கிடக்கும். அந்த நேரத்தில்தான் உங்களுக்குப் பால் தயாராகிறது. எனவே மாடு அசைபோடுவதைக் கண்டால், “என்ன சோம்பல்?” என்று ஒரு தட்டுத் தட்டி எழுப்பிவிடுங்கள்.

இனி வேலைக்கு வருவோம். நம் ஊருக்கு மிகவும் தோதான வழி, மதில் கட்டுவது.

சிரிக்காதீர்கள். குடாநாட்டில் ஓடுகிற ஆறு கிடையாது. வழுக்கையாறு மழைக்கு மட்டும் ஓடும். மேய்ச்சல் தரை என்று சொல்ல அதிகமில்லை. தோட்டக் காணி வெங்காயத்துக்கும் புகையிலைக்குமே போதாது. அப்படியிருந்தும் நம்முடைய முன்னோர் வீட்டுக்கு வீடு மாடு வைத்திருந்தார்களென்றால், அந்த மாடுகள் தின்றது வேலியை. கிளுவை, பூவரசு, முள்முருக்கு, பிறகு வந்த கிளிசீரியா. வருசா வருசம் கதியால் வெட்டுவார்கள். கிளை வேலிக்கு, குழை மாட்டுக்கும் ஆட்டுக்கும். உலர்ந்த வைக்கலில் நூற்றுக்கு நாலு பங்கு புரதம் தேறினால் பெரிய காரியம். கிளிசீரியாக் குழையில், உலர்நிறையில் இருபது பங்குக்குக் குறையாது. காணியைச் சுற்றி நாலு பக்கமும் புண்ணாக்கு நின்றது, காசில்லாமல். கோடையில் அதற்கும் முட்டு வந்தால் பனையோலையை நாராய்க் கிழித்துப் போட்டார்கள்.

இந்தத் தொந்தரவை வேரோடு பிடுங்க கனடாவிலிருந்தோ சுவிசிலிருந்தோ வருகிற காசு உதவும். வேலியை அரிந்து எரித்து, ஆறடி மதில் எழுப்பி, இரும்புக் கேற் போட்டு, கேற்றில் இரண்டு சிங்கத்தை நிறுத்துங்கள். சிங்கத்துக்குத் தீனி வேண்டாம். மாட்டுக்கு இனிக் குழை கிடையாது. பிறகு கடைக்குப் போய் மூடை மூடையாய்த் தேங்காய்ப் புண்ணாக்கு வாங்கி, “இந்த விலைக்கு மாடு வளர்க்க ஏலுமே?” என்று எல்லோரிடமும் கேளுங்கள். கேட்பவர்களும் மதில் கட்டினவர்களாகவே இருப்பதால் ஆமோதிப்பார்கள்.

குழைக்குப் பதிலாகப் புல் நட்டுத் தொலைக்க வேண்டுமென்றால், கோயம்புத்தூரில் உருவாகி இங்கேயும் பரவிய சீஓ-3 புல்லைக் கிணற்றடி வாய்க்கால் ஓரம் நடுங்கள். ஆனால் வெட்டாதீர்கள். ஒன்றரை மாதத்தில் வெட்டினால் இலை கூடி, தண்டு மெத்தென்றிருக்கும், மாடு விரும்பித் தின்னும். மூன்று மாதம் விட்டால் தண்டு தடித்து மரமாகும். வருகிறவர்களுக்குக் காட்ட அதுதான் அழகு.

அடுத்தது வைக்கல். வைக்கல் மட்டும். அது வயிற்றை நிரப்பும், நாட்கணக்கில் உள்ளே கிடக்கும், அடுத்த கவளத்துக்கு இடம் விடாது. மாடு வயிறு முட்டியும் பட்டினி கிடக்கிற இந்த நிலையை வேறெந்தத் தீனியாலும் இவ்வளவு மலிவாய் உண்டாக்க முடியாது. ஒன்றில் மட்டும் கவனம்: நூறு கிலோ வைக்கலுக்கு நாலு கிலோ யூரியாவைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் மூன்று கிழமை மூடி வைத்தால் அது மெதுமையாகிச் சமிக்கத் தொடங்கும், புரதமும் ஏறக்குறைய இரட்டிக்கும். இலங்கையில் இந்த முறை பல பத்தாண்டுகளாகச் சொல்லிக் கொடுக்கப்படுகிறது. யாரும் உங்களுக்குச் சொல்ல வந்தால் காது கேளாதவர்போல் இருங்கள். 2021இல் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தி அரசாங்கமே ஒருமுறை நமக்கு உதவியது. எப்போதும் அந்த உதவி கிடைக்கும் என்று நம்பியிருக்க முடியாது. (நேராக யூரியாவை அள்ளி வைக்காதீர்கள். பால் வற்றாது, மாடு செத்துவிடும். நாம் அந்த அளவுக்குப் பொல்லாதவர்களல்ல.)

பொல்லாதவர்கள் அல்ல என்பதற்குச் சான்று, அன்பு. யாழ்ப்பாணத்தில் மாட்டின் வயிற்றைக் கெடுப்பது பெரும்பாலும் கஞ்சத்தனமல்ல, அன்புதான். அதற்கு உகந்த நாள் பட்டிப்பொங்கல்.

காலையில் மாட்டைக் குளிப்பாட்டி, பொட்டு வைத்து, மாலை போட்டு, கொட்டிலடியில் பொங்குவீர்கள். “ஒரு பிடி குடுத்தாக் காணும் மோனை” என்று ஆச்சி சொல்லுவா. கேளாதீர்கள். முழுப் பானையையும் வாழையிலையோடு வையுங்கள். சர்க்கரை போட்ட பச்சரிசிச் சோறு, மேலே கதலிப்பழம் ஒரு சீப்பு. மாவும் சீனியும் மெல்லத் தேவையில்லாமல் வழுக்கிக்கொண்டு உள்ளே போகும், எச்சில் ஊறாது. அங்கே லக்றிக் அமிலம் செய்கிற பற்றீரியாக்கள் துள்ளிக்கொண்டு பெருகும். ஆறரையாக இருந்த அமில காரக் கணக்கு ஐந்தரைக்கும், பிறகு ஐந்துக்குக் கீழேயும் இறங்கும். நார் உடைக்கிற பழைய குடிகள் மொத்தமாய்ச் சாகும். வயிற்றில் தேங்கிய அமிலம் உடம்பிலுள்ள தண்ணீரையெல்லாம் தன் பக்கம் இழுக்கும். மாலையில் மாலையோடு நிற்கிற மாட்டைப் பாருங்கள்: தலை தொங்கும், கண் உள்ளே போகும், இடப்பக்க வயிற்றில் கைவைத்து அமுக்கினால் தண்ணீர் சளசளக்கும், சாணி சாம்பல் நிறத்தில் நுரையோடு புளி மணக்கக் கழியும், அதில் சமிக்காத சோற்றுப் பருக்கை முழுசாய்க் கிடக்கும். பிழைத்தாலும் பழைய கறவைக்குத் திரும்ப நாள் பிடிக்கும். சில மாடு குளம்பு நோவெடுத்து மாதக்கணக்கில் நொண்டும். மாட்டுக்கு நன்றி சொல்லும் நாளிலேயே மிருக வைத்தியருக்கு அழைப்பு எடுப்பதில் ஒரு தனிச் சிறப்பு இருக்கத்தான் செய்கிறது.

பொங்கல் வருசத்துக்கு ஒருமுறைதானே என்று சோர வேண்டாம். கல்யாண வீடு, அந்தியேட்டி வீடு, கோயில் அன்னதானம், மிஞ்சின கொத்து றொட்டி என்று குடாநாட்டில் சோற்றுக்கும் மாவுக்கும் பஞ்சமில்லை. 2024 ஜூனில் கேரளத்தின் கொல்லம் மாவட்டத்தில் ஒரு பண்ணை மாடுகள் பரோட்டாவும் பலாப்பழமும் அளவுக்கு மிஞ்சித் தின்று, ஐந்து செத்துப்போயின. பரோட்டாவில் அவர்களுக்கு நாம் எந்த விதத்தில் குறைந்தவர்கள்?

அவ்வளவு தூரம் போக மனமில்லாதவர்கள், நாளாந்தம் கழுநீர் வாளிக்குள் இரண்டு சட்டி சோறு தட்டிவிட்டுப் புல்லைக் குறைத்தால் போதும். மாடு விழாது, சும்மா மந்தமாய் நிற்கும், பாலின் கொழுப்பு இறங்கும். பால் வாங்குகிற மில்கோவோ நெஸ்லேயோ, கொழுப்பையும் மற்றத் திண்மத்தையும் பார்த்துத்தான் விலை போடுவார்கள். அங்கே பால் ஊற்றுகிறவர்கள் வருமானத்தைக் குறைக்க இதைவிட மென்மையான வழி கிடையாது. “நான் தண்ணி கலக்கேல்லை” என்று நீங்கள் கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யலாம், உண்மையும் அதுதான்.

தண்ணீர் என்றதும் ஞாபகம் வருகிறது. பாலில் நூற்றுக்கு எண்பத்தேழு பங்கு தண்ணீர். கறவை மாடு நம் வெயிலுக்கு ஒரு நாளில் ஐம்பது அறுபது லீற்றர் குடிக்கக் கேட்கும். நீங்கள் காலையில் ஒரு வாளி, பின்னேரம் ஒரு வாளி வைத்து, இடையில் வெட்டவெளியில் கட்டைக்குக் கட்டிவிடுங்கள். சோளகம் அடித்தாலும் மாடு இளைக்கும், எச்சில் வழிந்து வீணாகும், தீனியில் வாய் வைக்காது. மாரி தொடங்கியதும் நேர்மாறாய்ச் செய்யுங்கள்: நேற்று வரை வைக்கல் தின்ற மாட்டை இன்று முளைத்த இளம்புல்லில் ஒரேயடியாக அவிழ்த்துவிடுங்கள். வயிற்றுக் குடிகள் புதுத் தீனிக்குப் பழக இரண்டு மூன்று கிழமை எடுக்கும். அந்த அவகாசத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

கனியுப்பும் வாங்காதீர்கள். கால் வைத்த இடமெல்லாம் சுண்ணாம்புக் கல்லாய்க் கிடக்கிற ஊரில் மாட்டுக்குக் கல்சியம் காணாதாம், கேட்டீர்களா கதையை? கன்று போட்டுக் கடும்புப் பால் கறக்கிற நாளில் நல்லாய்க் கறக்கும் மாடு திடீரென்று எழும்ப முடியாமல் கழுத்தை மடித்துக் கிடந்தால், பால் வழியே இரத்தத்துக் கல்சியம் இறங்கிவிட்டது என்று வைத்தியர் சொல்லி நரம்பில் ஊசி ஏற்றுவார். கொஞ்ச நேரத்தில் மாடு எழும்பி நிற்கும். நீங்கள் அவரைக் கூப்பிட முதல் செத்தல் மிளகாய் சுற்றி நாவூறு கழியுங்கள். ஒவ்வொரு மணித்தியாலமும் பெறுமதியானது. அதை வீணாக்கப் பழக வேண்டும்.

பட்டணப் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு சுருக்கு வழி உண்டு: மாட்டை ரோட்டில் விட்டுவிடுங்கள். சோறு சுற்றுகிற லஞ்ச் சீற் உற்பத்தியை 2017 செப்டெம்பரில் தடைசெய்தார்கள் என்றாலும், சோறு ஒட்டின பொலித்தீனுக்குக் குப்பை மேட்டில் இன்னும் குறைவில்லை. உள்ளே போனது வெளியே வராது. முடிச்சாய்த் திரண்டு வயிற்றில் இருந்துவிடும். இடிந்த வீட்டுக் கம்பியோ ஆணியோ சேர்ந்து போனால் இரண்டாம் அறையில் தங்கி, பக்கத்திலிருக்கும் இருதயத்தையே குத்தும்.

இத்தனையையும் ஒழுங்காகச் செய்த பிறகும் உங்கள் மாடு காலையில் ஆறு போத்தல் தருகிறதென்றால், வீட்டில் யாரோ குழப்படி செய்கிறார்கள் என்று அர்த்தம். அநேகமாக அது உங்கள் அம்மாவாகத்தான் இருக்கும். மதிலுக்கு வெளியே, ஒழுங்கை முடக்கில் மிஞ்சி நிற்கும் கிளிசீரியாவில் தினமும் ஒரு கட்டுக் குழை முறித்துக்கொண்டு வருவா. நீங்கள் நித்திரையான பிறகு தொட்டியில் தண்ணீரும் நிரப்புவா. அவவைத் தடுக்க எனக்கு ஒரு வழியும் தெரியாது. போத்தலைக் கழுவத் தொடங்குங்கள்.