மேம்படுத்தல் பிரிவுக்கு ஓர் உள்ளறைக்காரனின் கடிதம்

பெறுநர்: மேம்படுத்தல் பிரிவின் பொறுப்பாளர், உல்லாசக் கப்பல் நிறுவனம்.
பொருள்: கவலையற்ற பயணத்துக்காக நான் பட்ட கவலைகளுக்கு நன்றி தெரிவித்தல்.

ஐயா, அல்லது அம்மையீர், அல்லது இயந்திரமே,

கடந்த ஐந்து மாதங்களில் நீங்கள் எனக்கு அனுப்பிய மின்னஞ்சல்கள் 61. நான் பதில் போடுவது இதுதான் முதல் தடவை. தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளவும். ஒவ்வொரு கடிதத்திலும் என்னைப் பெயர் சொல்லி அழைத்து, இன்னும் 48 மணி நேரம்தான் இருக்கிறது என்று அவசரப்படுத்தியிருந்தீர்கள். 68 வயதுக்காரனை ஐயா, அண்ணே, மாமா எதுவும் சேர்க்காமல் மொட்டையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட என் அப்பா ஒருவர்தான் இருந்தார். அவர் போனபின் அந்த இடம் காலியாகக் கிடந்தது. நிரப்பியமைக்கு முதல் நன்றி.

எங்கள் நாற்பதாவது திருமண நாளுக்கு மகள் சீட்டு எடுத்துக் கொடுத்தாள். சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, புக்கெட், திரும்பவும் சிங்கப்பூர், நான்கு இரவுகள். என் மனைவிக்குப் பேருந்தில் பின்சீட்டில் உட்கார்ந்தாலே தலை சுற்றும். அதனால் மகள் விசாரித்து, யோசித்து, ஐந்தாம் தளத்தில், கப்பலின் நட்டநடுவில், சன்னல் இல்லாத உள்ளறை ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். கீழ்த்தளமும் நடுப்பகுதியும்தான் ஆட்டம் குறைந்த இடங்கள். "எல்லாம் கட்டியாச்சுப்பா. நீங்க ரெண்டு பேரும் போய் ஏறுனாப் போதும்" என்றாள். நாங்களும் மூன்று நாள் நிம்மதியாக இருந்தோம். நான்காம் நாள் உங்கள் முதல் கடிதம் வந்தது.

பானத் தொகுப்பு, ஆளுக்கு ஒரு நாளைக்கு 75 வெள்ளி. இப்போதே வாங்கினால் லாபம், கப்பலில் ஏறிய பிறகு விலை கூடும் என்றிருந்தது. நான் தீபாவளிக்கு ஒரு பீர் குடிப்பவன். என் மனைவி சுடுதண்ணீர் தவிர எதையும் தொடாதவர். எங்களுக்கு இது வேண்டாம் என்பது அப்போதே தெரிந்தது. ஆனாலும் துறைமுகக் கிடங்கில் முப்பது வருடம் கணக்கு எழுதிய கை சும்மா இருக்குமா? சிங்கப்பூர்த் தேக்காவில் ஒரு 555 குறிப்புப் புத்தகம் வாங்கி, முதல் பக்கத்தில் தேதி போட்டு 75 என்று எழுதினேன். அடுத்த வாரம் 40 விழுக்காடு தள்ளுபடி என்றீர்கள், விலை 72. அதற்கடுத்த வாரம் தள்ளுபடி முடிந்தது என்றீர்கள், விலை 69. கடைசி வாய்ப்பு என்று ஒரு கடிதம் வந்தது, விலை 79. அந்தக் கடைசி வாய்ப்புக்குப் பின் இன்னும் ஒன்பது கடைசி வாய்ப்புகள் வந்தன. வாங்கப்போவதில்லை என்று முடிவான ஒரு பொருளின் விலையை 131 நாள் விடாமல் குறித்துவைத்த மனிதன் இந்தத் தீவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பணி ஓய்வுக்குப் பின் காலையில் எழ ஒரு காரணம் கொடுத்தீர்கள். அது இரண்டாவது நன்றி.

கணக்கையும் போட்டுப் பார்த்தேன். 75 வெள்ளியோடு 18 விழுக்காடு சேவைக் கட்டணம் சேர்த்தால் 88 வெள்ளி 50 காசு. ஒரே அறையில் இருக்கும் பெரியவர்களில் ஒருவர் மதுத் தொகுப்பு வாங்கினால் மற்றவரும் வாங்கியே தீர வேண்டும் என்பது உங்கள் விதி. ஆக இருவருக்கும் நாளொன்றுக்கு 177 வெள்ளி. கப்பலில் ஒரு பீர் ஏறக்குறைய 15 வெள்ளி. மனைவியின் பங்கையும் நானே தீர்த்தாக வேண்டும் என்பதால், போட்ட பணத்தை எடுக்க நான் தினமும் 12 பீர் குடிக்க வேண்டும். ஆனால் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 15 கோப்பைதான் என்று உச்சவரம்பும் வைத்திருக்கிறீர்கள். பன்னிரண்டுக்கும் பதினைந்துக்கும் இடையில் இருக்கும் அந்த மூன்று கோப்பையில்தான் என் லாபம். அதை எட்டிப்பிடிக்கும் நேரத்தில் எனக்கு நினைவிருக்காது.

இதைத் தொலைபேசியில் உங்கள் ஆளிடம் சொன்னேன். அவர் தங்கமானவர். என் மனைவி மது அருந்தமாட்டார் என்பதற்கு மருத்துவரிடம் கடிதம் வாங்கிவந்தால் விலக்கு அளிக்கப் பரிசீலிக்கலாம் என்றார். குடிப்பதற்குக் கட்டுப்பாடு உண்டு என்று கேள்விப்பட்டிருக்கிறேன். குடிக்காமல் இருப்பதற்கு மருந்துச் சீட்டு கேட்டது உங்கள் கப்பலில்தான்.

இந்த விலை ஏன் இப்படி ஆடுகிறது என்று கொஞ்சம் படித்துப் பார்த்தேன். தேக்கா சந்தையில் காலையில் ஒரு விலைக்கு விற்கும் தக்காளி மதியத்துக்குள் பாதி விலைக்கு இறங்கிவிடும். மறுநாள் வரை தாங்காது, அதனால் அது நியாயம். விமானத்தின் காலி இருக்கையும் தக்காளிதான். கதவை மூடியதும் அழுகிவிடும். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனம் 1985-இல் இதை ஒரு கலையாகவே வளர்த்தது. முன்கூட்டி வாங்குபவனுக்கு மலிவு, கடைசியில் ஓடிவருபவனுக்குக் கொள்ளை விலை, நடுவில் கணினி. அந்த வித்தைக்கு விளைச்சல் மேலாண்மை என்று பெயர் வைத்தவர் அப்போது அதன் தலைவராக இருந்த ராபர்ட் கிராண்டல். விவசாயி கேட்டால் சிரிப்பார், கேட்காமல் இருக்கட்டும்.

சரி, கப்பல் அறையும் புறப்பட்டுவிட்டால் அழுகிப்போகும். அறை விலை ஏறி இறங்குவது எனக்குப் புரிகிறது. பால்கனி அறைகள் இத்தனைதான் என்று எண்ணிக்கை உண்டு. காத்திருந்தால் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். ஆனால் பீர்? அது அழுகுகிறதா? இணையத் தொகுப்பு தீர்ந்துபோகுமா? புதன்கிழமை 69 வெள்ளிக்கு இருந்த அதே தொகுப்பு வெள்ளிக்கிழமை ஏன் 79 ஆகிறது? 555 புத்தகத்தின் கடைசிப் பக்கம் வரை வந்தபிறகுதான் எனக்கு விளங்கியது. பொருளில் எந்த மாற்றமும் இல்லை. நான் இன்னும் ஆடுகிறேனா, நின்றுவிட்டேனா என்று அவ்வப்போது தட்டிப் பார்க்கிறீர்கள்.

இத்தனைக்கும் உங்கள் விதிகளிலேயே மருந்தும் இருக்கிறது, சின்ன எழுத்தில். கப்பல் ஏறுவதற்கு இரண்டு நாள் முன்பு வரை தொகுப்பை ரத்து செய்யலாம். முழுப் பணமும் திரும்பி வரும். அதாவது, வேண்டுமென்று நினைப்பவன் முதல் நாளே தனக்குக் கட்டுப்படியாகும் விலையில் வாங்கிவிட்டு, விலை இறங்கினால் ரத்து செய்து மறுபடி வாங்கலாம். கப்பலில் வாங்குவதைவிட அது எப்படியும் மலிவு. இந்த ஒரு வரியைப் பெரிய எழுத்தில் போட்டிருந்தால் 61 கடிதங்களில் 60 தேவைப்பட்டிருக்காது. நான் அதைக் கண்டுபிடித்து, இணையத் தொகுப்பை மூன்று தடவை ரத்து செய்து வாங்கி, மொத்தம் 11 வெள்ளி மிச்சப்படுத்தினேன். அந்த இணையத்தைக் கப்பலில் எதற்குப் பயன்படுத்தினேன் என்று கேட்டால், உங்கள் மின்னஞ்சல்களைப் படிக்கத்தான்.

உங்கள் குலம் சாதாரணமானதல்ல என்பதும் தெரியும். 1891 சனவரியில், குளிர்காலத்தில் அட்லாண்டிக் கடக்க ஆள் இல்லாமல் சும்மா நின்ற அகஸ்தா விக்டோரியா கப்பலில் 241 பேரை ஏற்றிக்கொண்டு மத்தியதரைக் கடலைச் சுற்றிக்காட்டக் கிளம்பினார் ஹாம்பர்க்கின் ஆல்பர்ட் பாலின். உல்லாசப் பயணம் என்ற தொழிலே ஒரு காலி அறையிலிருந்து பிறந்ததுதான். அதே மனிதரின் நிறுவனம் 1905-இல் அமெரிக்கா என்ற கப்பலில், சீட்டில் அடங்கிய சாப்பாடு போதாது என்பவர்களுக்காகத் தனிக் காசு வாங்கும் ரிட்ஸ் உணவகத்தைத் திறந்தது. உங்கள் எட்டாம் தளத்து ஸ்டேக் கடைக்கு அதுதான் பாட்டன். நல்லவேளை, டைட்டானிக் மூழ்கிய பிறகு 1914-இல் நாடுகள் கூடி எல்லாருக்கும் உயிர்ப்படகில் இடம் வேண்டும் என்று எழுதி வைத்தன. இல்லாவிட்டால் அதிலும் சன்னலோரம் என்று ஒன்று வைத்திருப்பீர்கள்.

இப்போது ஏலத்துக்கு வருகிறேன். 'உங்கள் அறையை மேம்படுத்த நீங்களே விலை சொல்லுங்கள்' என்று ஒரு கடிதம். திறந்தால் ஒரு வட்டமானி. சிவப்பிலிருந்து பச்சை வரை முள் நகரும்: பலவீனம், சுமார், நன்று, வலிமை. மீன் ஏலத்தில் மீனைக் கண்ணால் பார்க்கலாம். பக்கத்தில் நிற்பவன் என்ன கேட்டான் என்பது காதில் விழும். இங்கே எத்தனை அறை என்று தெரியாது, எவன் எவ்வளவு கேட்டான் என்று தெரியாது, எந்தத் தளம் என்றும் தெரியாது. தெரிந்ததெல்லாம் அந்த முள். பால்கனி அறைக்கு ஆளுக்கு 40 வெள்ளி வைத்தேன், பலவீனம் என்றது. நாற்பது வருடம் குடும்பம் நடத்தியவனைப் பார்த்து ஒரு முள் பலவீனம் என்று சொன்னால் எப்படி இருக்கும்? 60. சுமார். மனைவி சமையலறையிலிருந்து, "ஏங்க, அந்த ரூமே போதுங்க" என்றார். நான் 90-க்குத் தள்ளினேன். முள் பச்சைக்கு வந்தது. பெருமையாக இருந்தது. விற்பவன் கொடுத்த தராசில் என் ஆசையை நானே நிறுத்துக் காட்டினேன் என்பது அப்போது தோன்றவில்லை.

புறப்பட இரண்டு நாள் இருக்கையில், அதிகாலை மூன்று மணிக்கு வாழ்த்துச் செய்தி வந்தது. என்னைக் கேட்காமலே அட்டையிலிருந்து 180 வெள்ளி போயிருந்தது. மறுக்க முடியாது, மாற்ற முடியாது. பன்னிரண்டாம் தளம், கப்பலின் மூக்கு நுனி.

பால்கனி அழகாகத்தான் இருந்தது. மலாக்கா நீரிணையின் சரக்குக் கப்பல் விளக்குகளைப் பத்து நிமிடம் பார்த்தோம். பிறகு மூக்கு மெல்ல ஏறி மெல்ல இறங்கத் தொடங்கியது. மனைவி கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். சரியாகத் தலைக்கு மேல் நீச்சல் குளத் தளம். அதிகாலை ஐந்து மணிக்குச் சாய்வு நாற்காலிகளை இழுத்து வரிசைப்படுத்துவார்கள் என்பதை உங்கள் வட்டமானி சொல்லவில்லை. முதல் இரவு பதினொரு மணிக்கே நாங்கள் தலையணையோடு மின்தூக்கியில் இறங்கி, ஐந்தாம் தளத்துக் கூடத்தில் இருந்த சோபாவில் உட்கார்ந்தோம். அங்கே ஆட்டமே இல்லை. நடைவழியில் கொஞ்ச தூரம் நடந்து, மகள் எடுத்துக் கொடுத்த எங்கள் பழைய அறையைப் பார்த்துவிட்டு வந்தேன். வாசலில் இரண்டு சோடி செருப்பு. உள்ளே யாரோ குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் எதையும் ஏலம் எடுத்திருக்க மாட்டார்கள்.

அந்தச் சோபாவில்தான் அப்பா நினைவுக்கு வந்தார். 1953-இல் நாகப்பட்டினத்தில் கரையிலிருந்து படகில் போய், ஆழத்தில் நின்ற ரஜூலா கப்பலில் ஏறியவர். 1926 முதல் 1973 வரை நம் ஆட்களை இங்கேயும் அங்கேயும் கொண்டுபோய்ச் சேர்த்த கப்பல் அது. அப்பாவுடையது டெக் சீட்டு. பெட்டி, பாய், ஊறுகாய்ச் சாடி. ஏறக்குறைய ஒரு வாரம் கடல். அவர் காலத்திலும் மேம்படுத்தல் இருந்திருக்கிறது. "ஏறுன ஒடனே ஓடிப்போயி நடுக்கப்பல்ல பாய விரிச்சுரணும். அப்புறம் எவன் கூப்பிட்டாலும் எந்திரிக்கக் கூடாது" என்பார். நூறு தடவையாவது சொல்லியிருப்பார். மகள் எனக்கு நடுக்கப்பலில்தான் பாய் விரித்துக் கொடுத்தாள். நீங்கள் கூப்பிட்டீர்கள், நான் எழுந்துவிட்டேன்.

ஆகவே பணத்தைத் திருப்பிக் கேட்டு இதை எழுதவில்லை. விதிப்படி கிடைக்காது என்பதும் தெரியும். ஒரு தொகுப்பு மட்டும் கேட்கிறேன்: சீட்டு எடுத்த நாளிலிருந்து கப்பல் ஏறும் நாள் வரை எனக்கு எதுவும் எழுதாமல் இருக்கும் தொகுப்பு. ஒரு நாளைக்கு இவ்வளவு என்று விலை போடுங்கள். சேவைக் கட்டணம் 18 விழுக்காட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே வீட்டில் இருக்கும் பெரியவர்கள் எல்லாரும் வாங்க வேண்டும் என்றால் அதற்கும் சம்மதம். விலையை மட்டும் ஆட்டாதீர்கள். 555 புத்தகத்தில் பக்கம் இல்லை.

இப்படிக்கு,
முன்னாள் உள்ளறைக்காரன்

பின்குறிப்பு: தினமும் சாயங்காலம் அறையைச் சுத்தம் செய்ய வரும் தம்பி, குளியல் துண்டை மடித்துக் கட்டில்மேல் ஏதாவது ஒரு விலங்கு செய்து வைப்பார். முதல் நாள் யானை, மறுநாள் குரங்கு, அப்புறம் மறுபடி யானை. இதற்குக் காசு உண்டா என்று என் மனைவி தயங்கித் தயங்கிக் கேட்டார். அந்தத் தம்பி சிரித்துக்கொண்டே இல்லை என்றார். கடைசி நாள் காலையில் குளித்துவிட்டு வந்த என் மனைவி, யானையைப் பிரிக்க மனமில்லாமல் தன் முந்தானையிலேயே தலை துவட்டிக்கொண்டார். இதை உங்களிடம் சொல்லலாமா என்று ரொம்ப நேரம் யோசித்தேன். எந்தத் தளம், எந்தத் தம்பி என்று மட்டும் கேட்காதீர்கள்.